ஒரு பாக்கெட்டையும் விடமாட்டேன்

மலையில் மழை பெய்யும் என்பதை நான் மறந்துவிட்டேன். இந்த முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொண்டால் மீதியை எழுதுவது சுலபம்.

ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் கேம்களுக்காக ஒரு நெட்வொர்க்கிங் லைப்ரரி எழுதினேன். புரோகிராமர் அதைத் தன் கேமில் சேர்த்துக்கொண்டால், ஒருவர் போனில் நடப்பது அடுத்தவர் போனிலும் தெரியும். நான் அதைச் சோதித்தது சித்தூர் ஆபீஸில், ஒரே மேஜையில், இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ஒரு முழக் கேபிள் போட்டு. அந்த ஒரு முழத்தில் எதுவும் தொலையவில்லை என்று மார்தட்டிக்கொண்டேன்.

1. எங்கள் ஒரே கஸ்டமர்

ஜோதி, பள்ளிவாசல் என்ற மலையூர்க்காரர். தேயிலை ஃபாக்டரி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஜீப் ரேஸ் கேம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கொச்சியிலிருந்து, கேமை வாங்கி வெளியிடும் பப்ளிஷர் கம்பெனிக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் மறுபடி ஃபாக்டரிதான். திங்கட்கிழமை போன் செய்தார்.

“சார், தம்பி ஜீப்பு என் ஸ்கிரீன்ல அப்படியே நிக்குது. பெறகு ஒரே தாவாத் தாவிப் பள்ளத்துல கெடக்கு.”

“தம்பி ஓட்டற லட்சணம் அப்படியிருக்குமுங்க.”

“அவன் நெசமாவே ஜீப் டிரைவர் சார்.”

கேட்டுக்கொண்டிருந்த முதலாளி ரஹீம் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஏப்பா, இருக்கறதே ஒரு கஸ்டமரு. நக்கல் பண்ணாம பஸ் ஏறு.”

2. பள்ளிவாசலில் ஞானம்

போய் இறங்கியபோது நல்ல மழை. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஜோதி வீட்டில், போனதும் வந்ததும் பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்து பெருமையாகக் காட்டினேன். “பாருங்க, ஒரு பாக்கெட்டும் தொலையலீங்க.”

தொலையவில்லைதான். ஜீப் எங்கே இருக்கிறது என்ற தகவல் சின்னச் சின்னப் பொட்டலமாக, விநாடிக்கு இருபது பாக்கெட் போகும். வழியில் ஒன்று தவறினால் என் லைப்ரரி அதை மறுபடி அனுப்பும். அது வந்து சேரும்வரை பின்னால் வந்த புதுப் பாக்கெட்களை எல்லாம் வரிசையில் நிறுத்திவைக்கும். ஜீப் உறைந்து நின்றதும் பிறகு தாவியதும் அதனால்தான். இதை நான் ‘நம்பகத்தன்மை’ என்று கையேட்டில் எழுதி, தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

ஜோதி கேட்டார்: “ரெண்டு செகண்டு முந்தி ஜீப்பு எங்க நின்னுச்சுன்னு இப்ப எனக்கு எதுக்கு சார்? அது போனாப் போகுது. இப்ப எங்க நிக்குன்னு சொல்லுங்க.”

அங்கேயே உட்கார்ந்து, மெசேஜ் போக, தொலைந்ததைத் தேடாத இன்னொரு வழி, அதாவது இன்னொரு சேனல், எழுதினேன். அதற்குப் பெயரே ‘போனாப்போகுது’ என்று வைத்தேன். மழையிலும் ஜீப் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுச் சட்டையைக் கழற்ற மனம் வராதவன் கதையாக, எல்லா மெசேஜையும் அந்தச் சேனலுக்கு மாற்றிவிட்டு ஊர் திரும்பினேன்.

3. முடியாத ரேஸ்

வெள்ளிக்கிழமை காலை போன். “சார், தம்பி ஜெயிச்சு எறங்கி டீ குடிக்கான். என் போன்ல ரேஸ் இன்னும் முடியல.”

‘ரேஸ் முடிந்தது’ என்ற மெசேஜ் வழியில் தொலைந்திருந்தது. அதையும் போனாப்போகுதில் போட்டவன் நான்தான்.

“பதறாதீங்க, உடனே வர்றேனுங்க!”

“நீங்க வரதுக்குள்ள கொச்சிக்காரங்க வந்து போயிருவாங்க. நானே அந்த மெசேஜைப் பழைய சேனலுக்கு மாத்திட்டேன். ஒரு வரிதான். உங்களுக்குத் தெரியட்டுமேன்னு கூப்பிட்டேன்.”

வந்தவர்கள் ஆளுக்கு நாலு ரேஸ் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேமை எடுத்துக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எது தொலைந்தால் பரவாயில்லை, எது தொலையவே கூடாது என்று முதலில் கேமைக் கேளுங்கள். லைப்ரரி எழுதியவனைக் கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலம் ஜோதிக்கு நீளமாக ஒரு மன்னிப்பு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. வழியில் தொலைந்திருக்கும் என்று மறுபடி அனுப்பினேன். மூன்றாவது முறையும் அனுப்பிய பிறகு பதில் வந்தது:

“மொதல்லயே கெடச்சிருச்சு சார், போனாப் போகுது.”