முப்பத்திரண்டு மூச்சு

பௌசியா இருபத்து மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்ததில்லை. நோயாளியின் வீட்டில் அழுததில்லை. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வாள், கண்ணாடி வளையல் போடமாட்டாள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது விழுப்புரம் போய் ஒரு வருடம் நோயாளிப் பராமரிப்புப் படித்தவள். மாமியார் போன பிறகு கள்ளக்குறிச்சியில் அடுத்தவர்களின் மாமியார்களைப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு நோயாளியை விட்டுக் கிளம்பும்போது, அடுத்துப் பார்ப்பவர் கையில் நேராக ஒப்படைக்காமல் வாசல் தாண்டமாட்டாள். அந்த வழக்கத்தை ஒரே ஒரு தடவை மீறினாள். அது தியாகதுருகத்தில் நடந்தது.

சினிமாக்காரர்கள் அங்கே மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு வீட்டைப் பிடித்து, சுவரெல்லாம் வெள்ளையடித்து, ஆஸ்பத்திரி அறைபோல் ஆக்கியிருந்தார்கள். மேனேஜர் அன்புச்செல்வன் ஆள் தேடிக் கள்ளக்குறிச்சிக்கே வந்தான்.

"நடிகைங்க கைய பாத்தாலே நடிகைன்னு தெரியுது மேடம். எங்களுக்கு வேலை செஞ்ச கை வேணும்."

"நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். கட்டில்ல ஒரு பெரியவரு படுத்திருப்பாரு. பக்கத்துல ஒரு நிமிஷம் அசையாம நிக்கணும். அவ்ளோதான்."

பெரியவர் பெயர் சடையன். கல்வராயன் மலைக்காரர். கன்னம் ஒட்டி, கண் குழிந்திருந்த அந்த முகத்துக்காகவே வேனில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார்கள். மல்லாக்கப் படுக்கவைத்தால் இருமினார், முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "கொஞ்ச நேரந்தான், படுங்க பெரியவரே" என்று இரண்டு பேர் அமுக்கிப் படுக்கவைத்தார்கள். கேமரா ஓடியது.

கை சும்மா இருந்தால்தானே. பௌசியாவின் கை தன் வேலையைத் தானே பார்த்தது.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பார்வையை நெஞ்சில் நிறுத்தி, இமைக்காமல் எண்ண வேண்டும். இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையில் கட்டியிருந்த கடிகாரம் கண்ணுக்கு நேராக இருந்தது. வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் நகர்ந்தது. விரலுக்கு மூன்று, ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. இரண்டு சுற்று முடிந்து, அதற்கு மேல் எட்டுக் கணு.

முப்பத்திரண்டு. இருபதைத் தாண்டக் கூடாது.

படமெடுத்து முடிந்ததும் அவருடைய கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பட்ட இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது.

"தம்பி, இவருக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கினு இருக்குது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க."

"வண்டி ரெடியா நிக்குது மேடம். நேரா அங்கதான்."

வேன் கதவு மூடியதைப் பார்த்தாள். கூடப் போயிருக்க வேண்டும். கடைசி டவுன் பஸ்ஸை விட்டால் கஷ்டம் என்று திரும்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அவள் கணவர் சுபுஹான், பஸ் ஸ்டாண்டு எதிரே செல்போன் உறை விற்கிறவர், சோற்றுத் தட்டுக்கு முன்னால் போனை நீட்டினார்.

"உன்ன மிஷினாக்கிட்டாங்க பௌசியா."

ஏதோ ஒரு கம்பெனியின் விளம்பரம்போல் இருந்தது. தூங்காத, பசிக்காத, அழாத பணிப்பெண், உங்கள் பெற்றோருக்காக, என்று ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. பிறகு ஒரு நிமிடம் முழுக்க அவள் நின்றாள். கடைசியில் படத்தின் பெயர்கூட இல்லை, ஒரு தேதி மட்டும் வந்தது. ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு இப்படி விளம்பரம் செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நிஜம்போலப் பேசுவது ரசிகர்களுக்கு விளையாட்டு.

'ரெண்டு புக் பண்ணிட்டேன், ஒண்ணு மாமியாருக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'ஐம்பத்தெட்டு செகண்டு கண்ணு சிமிட்டல, செக் பண்ணிட்டேன்.' 'அது நாடி பாக்கல. மணிக்கட்டு வழியா உசுர உறிஞ்சுது.' யாரோ ஒருவன் வீடியோவை மெதுவாக ஓடவிட்டு அவள் கட்டைவிரல் எத்தனை தடவை நகர்கிறது என்று எண்ணிப் போட்டான். அதற்குப் பிறகு முப்பத்திரண்டுதான் பேச்சு. படத்தின் முப்பத்திரண்டாவது நிமிடத்தில் கதாநாயகன் சாவான் என்றார்கள். உலகத்தில் மொத்தம் முப்பத்திரண்டு மிஷின்கள் என்றார்கள். ரிஷிவந்தியம் போகும் பஸ்ஸின் முதுகில் யாரோ சாக்பீஸால் 32 என்று எழுதியிருந்தார்கள். சுபுஹான்கூட அந்த எண்ணைப் போட்டு உறை அடித்தார்.

"காலைல வந்த மாலு சாயந்திரம் காலி," என்றார். "நீ வேற ஏதாச்சும் நம்பர் எண்ணியிருந்தியா?"

"சோத்த துன்னுங்க."

பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் அவளை ஊக்கால் குத்திப் பார்த்தாள். ரத்தம் துளிர்த்ததும், "மேக்கப் செமயா இருக்குது," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

பௌசியா அதைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. ஆயிரக்கணக்கான பேர் அவள் விரலைப் பார்த்திருந்தார்கள், கண்ணைப் பார்த்திருந்தார்கள். கட்டிலில் இருந்தவரைப் பற்றித் தேடித் தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. 'அந்தப் பெரியவர் பொம்மை சூப்பர். மூச்சு வாங்கற மாதிரியே செஞ்சிருக்காங்க.'

அன்புச்செல்வனுக்குப் போன் போட்டாள்.

"அவரு வூட்டுக்கே போறேன்னாரு மேடம். நாங்க இன்னா பண்றது? கரியாலூர் ரோட்டுல எறக்கி வுட்டோம்."

"ஆஸ்பத்திரின்னு சொன்னியேப்பா."

"மேடம், ஒரு விஷயம். அவரு நெஜ ஆளுன்னு எங்கயும் சொல்லிடாதீங்க. சஸ்பென்ஸ் போயிடும்."

மலையில் எந்த ஊர் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் சுபுஹானின் கடைக்கு ஜீவா என்ற பையன் அவளைப் பேட்டி எடுக்க வந்தான். கல்லூரி முடித்தவன், சினிமா பற்றி சானல் நடத்துகிறவன், ஊர் தியாகதுருகம். பௌசியா அவன் மைக்கைத் தள்ளிவிட்டாள்.

"அந்தப் பெரியவரு பேரு சடையன். கரியாலூர் பக்கம். எங்க இருக்கறாருன்னு கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லு. எனக்கு மட்டும்."

ஜீவாவின் முகம் மலர்ந்தது. படத்தைப் பற்றிய அடுத்த துப்பு தனக்குத்தான் முதலில் கிடைத்தது என்று நினைத்துவிட்டான்.

இரண்டு நாளில் கண்டுபிடித்தான். அவளுக்குச் சொல்லவில்லை, ஊருக்கே சொன்னான். காலையில் சுபுஹானின் போனில் நேரலை ஓடியது. தாழ்ந்த கூரை, அதற்குள் நெருக்கியடித்த தலைகள், நடுவில் கயிற்றுக் கட்டிலில் மல்லாக்கக் கிடந்த சடையன். எல்லோரும் சேர்ந்து அவர் மூச்சைச் சத்தமாக எண்ணினார்கள். முப்பத்தொன்பதில் நிறுத்தி ஆரவாரம் செய்தார்கள்.

"வண்டிய எடுங்க," என்றாள் பௌசியா. போகிற வழியிலேயே 108-க்கும் சொல்லிவிட்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே இரண்டு பக்கமும் பைக்குகள். கரியாலூரிலிருந்து பிரியும் சின்ன ரோட்டில் ஆம்புலன்ஸ் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"செட்டு வண்டிகூட ஒரிஜினல் மாதிரியே வெச்சிருக்கறாங்க, பாரேன்."

சுபுஹான் ஸ்கூட்டரைச் சந்து சந்தாக நுழைத்து ஓட்டினார். "இவங்க இன்னாத்த பாக்க வந்திருக்கறாங்க பௌசியா?" என்றார்.

வீட்டு வாசலில் அவளைக் கண்டதும் கூட்டம் சட்டென்று அடங்கியது. வழி பிளந்தது. போன்கள் உயர்ந்தன. உள்ளே சுவரோரம் சடையனின் மனைவி சின்னப்பொண்ணு, யாரோ கொடுத்த பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இத்தன பேரு வந்திருக்கறாங்க," என்றாள். "ஒருத்தரும் டாக்டரு இல்லயாம்மா?"

பௌசியா சடையனின் கையைப் பிடித்தாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. மூன்று சுற்று, மேலே ஆறு கணு. நாற்பத்திரண்டு. தோளில் கைகொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"இது வெளையாட்டு இல்ல. இவரு சாகப் போறாரு. ரோட்டுல இருக்கற பைக்க எல்லாம் எடுங்க."

கைதட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான். ஜீவா அவள் காதருகே குனிந்தான்.

"டயலாக் சூப்பர் ஆன்ட்டி. அப்டியே போங்க, லைவ்ல பதினோராயிரம் பேரு பாத்துக்கினு இருக்கறாங்க."

நோயாளியின் வீட்டில் பௌசியா பொய் சொன்னதில்லை. சரியாகிவிடும் என்றுகூடச் சொன்னதில்லை. ஒரு நொடி சின்னப்பொண்ணுவைப் பார்த்தாள். பிறகு வீடியோவில் இருந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். குரலை ஏற்ற இறக்கம் இல்லாமல் ஆக்கினாள்.

"அடுத்த நம்பர் இங்க இல்ல. கீழ நிக்கற வெள்ள வண்டிக்குள்ள இருக்குது."

சடையனின் மூச்சு மட்டும் கேட்டது.

"இவர படுக்க வெச்சா நம்பர் அழிஞ்சிடும். நாற்காலியில உக்காந்த மேனிக்கே தூக்கிக்கினு போவணும். நாலு பேரு போதும். மத்தவங்க பத்தடி தள்ளி, காத்து வரணும். ரோட்டுல ஒரு பைக்கு நின்னாலும் வண்டி கதவு தெறக்காது."

அவள் கெஞ்சியிருந்தால் பொழுது சாய்ந்திருக்கும். ஏழே நிமிடத்தில் ரோடு காலியானது. பிளாஸ்டிக் நாற்காலியில் சடையனை வைத்து, காலடி பிசகாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாத குடம்போலத் தூக்கிப்போனார்கள். ஆக்சிஜன் முகத்தில் ஏறியது. முன்னால் நாற்பது பைக்குகள் வளைவுக்கு வளைவு வழி விலக்கிக்கொண்டு இறங்கின.

கள்ளக்குறிச்சியில் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஓர் இரவு படுத்தே இருந்திருந்தால் முடிந்திருக்கும் என்றார். ஊசி போட்டார்கள். சாயந்திரம் இரண்டு சுற்று, மேலே இரண்டு கணு. இருபத்தாறு. வார்டு நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவள் வாயால் திருப்பிச் சொல்லவைத்த பிறகே பௌசியா கட்டிலை விட்டு நகர்ந்தாள்.

வாசலில் ரசிகர்கள் காத்திருந்தார்கள். "நம்பர் இன்னா ஆன்ட்டி?"

"இருபத்தாறு."

எழுந்த கூச்சல் வார்டு வரை கேட்டது.

"யாரும்மா கத்தறாங்க?" என்றார் சடையன் நர்ஸிடம், மாஸ்க்கை விலக்கி.

"உங்க மூச்சு கம்மியாச்சாம். அதுக்கு. மூக்குல வெச்சத எடுக்காதீங்க."

எட்டாம் நாள் அவர் தன் காலால் நடந்து பஸ் ஏறினார். பௌசியா கரியாலூர் வரை கூடப் போய், மாத்திரைகளைச் சின்னப்பொண்ணு கையில் கொடுத்து, எப்போது எது என்று நான்கு தடவை சொல்லவைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயந்திரம் இரண்டாவது வீடியோ வந்தது. மலையில் எடுத்த போன் படங்களை வாங்கி ஒட்டியிருந்தார்கள். நாற்காலி மிதந்து வந்தது. இவர படுக்க வெச்சா நம்பர் அழிஞ்சிடும் என்று அவள் குரல் சொன்னது. கடைசியில் அதே தேதி, அதன் கீழே ஒரு வரி: உங்கள் வீட்டில் எத்தனை?

பௌசியா கீழே படித்துக்கொண்டே போனாள். ரசிகர்கள் தங்கள் வீட்டுக் கிழவர்களை, கிழவிகளைப் படம் பிடித்து எண்ணிப் போட்டிருந்தார்கள். பதினெட்டு. இருபது. பதினாறு, எங்க தாத்தா வேஸ்ட்டு. இருபத்திரண்டு. முப்பத்தாறு. அந்த இடத்தில் அவள் விரல் நின்றது. ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தன் பெயரிலேயே எழுதினாள்: 'உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.' உடனே பதில் வந்தது. 'மிஷினே ரிப்ளை பண்ணிடுச்சு.' நாற்பது இதயங்கள், சிரிப்புப் பொம்மைகள்.

கீழே இன்னொருவன். 'எங்க ஆயா 44. நாங்கதான் வின்னர்.' கூட இருந்த படத்தில் ஒரு வாய் திறந்திருந்தது. தலையணை இல்லை.

'உட்கார வைங்க. ஜன்னலைத் திறங்க. எந்த ஊர்?' என்று எழுதினாள்.

சுபுஹான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வந்தது.

'இப்ப 47.'