பதினொன்றரை லீற்றர் அண்ணை

சனிக்கிழமை காலை. பனி முடிந்து காருக்கு மாட்டவேண்டிய கோடைக்கால ரயர்களை நிலவறையிலிருந்து ஒவ்வொன்றாக மேலே தூக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அழைத்தது குணரத்தினம் அண்ணையின் மனைவி, புஷ்பம் அக்கா.

"அண்ணை காலமை எழும்பேல்லைத் தம்பி. டொக்டர் வந்து பார்த்திட்டுப் போட்டார்."

அவ்வளவுதான் சொன்னார். கையிலிருந்த ரயரைச் சுவரில் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே குந்திவிட்டேன். முந்தின நாள் மாலைதான் அண்ணை தம் பிக்கப்புக்கு ரயர் மாற்றி முடித்துவிட்டு, "உன்ரை எப்ப மாத்தப்போறாய், திரும்பப் பனி வாற ஐப்பசியிலையோ?" என்று என்னை நக்கலடித்திருந்தார்.

குணரத்தினம் அண்ணைக்கு அறுபத்து மூன்று வயது. சுவிஸின் பீல் நகரிலுள்ள கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் கடிகாரக் கூடுகளுக்கு மெருகேற்றும் பிரிவில் பத்தொன்பது வருடங்கள் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்து வேலை செய்தவன் நான். அவரை அறிந்தவர்களுக்கு அவர் பெயரைக் கேட்டதும் முதலில் வருவது சிரிப்பாகத்தான் இருக்கும். "ஆர், பதினொன்றரை லீற்றர் அண்ணையோ?" என்பார்கள். டீசலில் அப்படியொரு கஞ்சன் இந்த நாட்டிலேயே இல்லை என்று கதை. அந்தப் பெயரை வைத்தவன் நான். கதையைப் பரப்பியவனும் நான்தான். இந்தக் கட்டுரையை எழுத வேண்டியவனும் ஆகவே நானே.

பீலிலுள்ள எங்கள் தமிழ் ஆட்களில் பிக்கப் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான், கலியாண வீட்டுக்குச் சமையல் கிடாரம், வீடு மாறுபவர்களின் கட்டில் அலுமாரி எல்லாம் அதில்தான் போகும். "டீசலுக்கு எவ்வளவு?" என்று யாரும் கேட்டதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை. கஞ்சன் என்று சிரித்த எங்களில் ஒருவருக்கும் இது நினைவுக்கு வராமல் போனது வேடிக்கைதான்.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு அவர் ஒரு பழைய கரவான் வாங்கினார். பிக்கப்பின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சின்ன வீடு. புஷ்பம் அக்காவுக்குக் கடல் என்றால் உயிர். ஒவ்வொரு கோடையிலும் தென் பிரான்சின் கடற்கரைக்குப் போவார்கள். அறுநூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். வழியில் ஒரு பெற்றோல் செட்டிலும் டீசல் அடிக்க நிற்கமாட்டார். பீலில் நிரப்பிய ஒரு ராங்க் டீசலிலேயே கடற்கரை போய்ச் சேர வேண்டும். அதற்கு நூறு கிலோமீற்றருக்குப் பதினொன்றரை லீற்றர் என்பது அவர் போட்டுக்கொண்ட எல்லைக்கோடு. போய்ச் சேர்ந்ததும் சிவப்பு மட்டை போட்ட கொப்பியில் அன்றைய கணக்கை எழுதுவார்.

ஒருமுறை நாங்களும் எங்கள் காரில் அவருக்குப் பின்னால் போனோம். போதும் போதும் என்றாகிவிட்டது. மணிக்கு எழுபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் ஓடமாட்டார். பாரவண்டிகள் எல்லாம் அவரை முந்திக்கொண்டு போயின. ஏற்றம் வருவதற்கு வெகு முன்னாலேயே வேகத்தைச் சீராக்கி, இறக்கத்தில் காலை எடுத்து, முட்டை ஏற்றிப் போகிறவர் மாதிரி ஓடினார். புறப்படுமுன் ரயரின் காற்றை இருமுறை பார்த்தார். தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக்கினார். அக்கா ஏற்றிய அரிசி மூட்டையை இறக்கி, ஐந்து கிலோவை மட்டும் அள்ளி வைத்தார்.

"அண்ணை, அரிசியோ டீசலைக் குடிக்குது?" என்று கேட்டேன்.

"அரிசி கொஞ்சம், காத்துத்தான் கூட. கரவான்ரை முகத்தைப் பார், மதில் மாதிரி. நாங்கள் அறுநூறு கிலோமீற்றருக்கு ஒரு மதிலையெல்லோ தள்ளிக்கொண்டு போறம். கெதியா ஓடினால் காத்து விடாது."

கடற்கரையில் கரவான்கள் தங்கும் முகாமில் இன்னொரு கூத்து. எல்லோரும் கரவானைப் பின்னோக்கிச் செலுத்தித் தங்கள் இடத்தில் விடுவார்கள். அண்ணை மட்டும் அதைக் கழற்றிவிட்டு எங்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார். "றிவேஸ் எடுத்தால் டீசல் வீண். தள்ளுங்கோ, உடம்புக்கும் நல்லது" என்பார். அந்த மதிய வெயிலில் கரவானைத் தள்ளும்போது என் வாயில் வந்ததுதான் "பதினொன்றரை". ஊர் திரும்புமுன் பட்டம் நிலைத்துவிட்டது.

அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில் நான் கொடுத்த பரிசைப் பிரித்தபோது உள்ளே டீசல் கலன் ஒன்று இருந்தது. மண்டபமே சிரித்தது. அண்ணையும் சிரித்தார். புஷ்பம் அக்கா மட்டும் எழுந்து குசினிப் பக்கம் போனார். நான் அதைக் கண்டேன். கண்டும் சிரிப்பை நிறுத்தவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, இன்டர்லாக்கனுக்கு மேலேயுள்ள ஒரு மலைக்கிராமத்தில் எங்கள் இரு குடும்பமும் தங்குவதாக ஏற்பாடு. பெண்களும் பிள்ளைகளும் ரயிலில் முன்னே போய்விட்டார்கள். அண்ணையும் நானும் கரவானோடு போனோம். வழிகாட்டிக் கருவி எங்களை ஒரு ஒடுங்கிய பாதையில் ஏற்றிவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவில் திரும்பியதும் எதிரே நீல வெளிச்சம் அடித்தபடி அம்புலன்ஸ். அது எங்களைத் தாண்டிக் கீழே போக வழியில்லை. நாங்கள்தான் ஐம்பது மீற்றர் பின்னால் போய் ஒதுங்கவேண்டும்.

அண்ணை கியரில் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எடுங்கோ அண்ணை, உள்ளுக்கு வருத்தக்காரர் இருக்கினம்!"

"எனக்குத் தெரியாதடா" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் ஒதுங்குமிடத்துக்கு அப்பால் வந்து நின்ற கார்களை நோக்கி இரண்டு கையையும் தூக்கியபடி ஓடினார். அவருக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில், மலை கேட்கக் கத்தினார். "எனக்குப் பின்னால் எடுக்கத் தெரியாது! தெரிந்தவர் யாராவது வந்து எடுத்துத் தாருங்கள்! தயவுசெய்து!"

றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பண்ணைக்காரப் பெண் காரிலிருந்து இறங்கி வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து, ஒரு நிமிடத்துக்குள் கரவானை நூல் பிடித்த மாதிரிப் பின்னால் கொண்டுபோய் ஒதுக்கினார். அம்புலன்ஸ் கீழே போனது. அண்ணை புல்லில் நின்று அது மறையும்வரை கும்பிட்டபடி இருந்தார். உள்ளே இருந்தவருக்கு என்ன ஆனதென்று எங்களுக்குத் தெரியாது. அன்று முழுவதும் "தப்பியிருப்பினமோ?" என்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

மாலையில்தான் மீதியைச் சொன்னார். கரவான் வாங்கிய முதல் நாள், வீட்டு முற்றத்தில் பின்னால் எடுத்திருக்கிறார். பின்னுக்கு நின்று வழி காட்டியவர் புஷ்பம் அக்கா. அண்ணை ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் திருப்ப, கரவான் மற்றப் பக்கம் வெட்டித் திரும்பியிருக்கிறது. அக்கா மதிலுக்கும் கரவானுக்கும் நடுவே விழுந்துவிட்டார். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றதாம். அன்றிலிருந்து கரவானோடு றிவேஸ் போட அவருக்குக் கை வராது. பெற்றோல் செட்டுக்குள் கரவானோடு போய் அகப்பட்டால் பின்னால் எடுக்கவேண்டி வரும் என்ற பயத்தில்தான் ஒரே ராங்கில் கடல்வரை போயிருக்கிறார். பதினொன்றரையின் கதை அதுதான்.

"அதை ஏன் சொல்லேல்லை அண்ணை? கஞ்சன் எண்டெல்லோ நாங்கள்..."

"கஞ்சன் எண்டால் சனம் சிரிச்சுப்போட்டு விட்டிடும். ஏலாதவன் எண்டால் பாவம் பார்க்கும். சிரிப்பைத் தாங்குவன், அதைத் தாங்கமாட்டன். எங்கடை ஆக்களுக்குச் சொல்லிப்போடாதை."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த டீசல் கலன் கண்ணுக்குள் வந்து நின்றது. "அப்ப பழகுவம்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலையின் வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில் பழகினோம். எனக்கும் அது தெரியாது. அவர் ஓட்ட, நான் பின்பக்கம் நின்று கத்துவேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "நேர் பின்னுக்கு நிக்காதை. கண்ணாடியிலை நீ தெரியிற இடத்திலை நில். தெரியாட்டி நான் ஓடமாட்டன்." நான் தள்ளி நின்று, கையை உயர்த்தி, "வரட்டும்... வரட்டும்... இடம் இருக்கு, வரட்டும்" என்பேன். மூன்று மாதம். எத்தனையோ தரம் கரவான் குறுக்கே மடிந்து நின்றது. இரண்டு தரம் இறங்கி, "எனக்கு வேண்டாம்" என்று நடந்தே வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

கடைசியில் ஒரு நாள், கீறிய இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரே வீச்சில் கொண்டுவந்து விட்டார். இறங்கிக் கரவானை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். "புஷ்பம், விட்டிட்டன்" என்றார்.

அதன்பின் கொப்பியில் கணக்கு ஏறத் தொடங்கியது. பதின்மூன்று, பதின்மூன்றரை. ஒரு மலைக்கணவாய் ஏறி இறங்கிய கோடையில் பதினான்கு. மெருகேற்றும் மேசையில் வைத்து எனக்குக் காட்டுவார். "பார், பதினாலு! மலையிலை ஏறினால் குடிக்கும்தானே." கண்ட கண்ட பெற்றோல் செட்டெல்லாம் நிறுத்திக் கோப்பி குடிப்பாராம். அக்கா கேட்ட இடமெல்லாம், எவ்வளவு ஒடுங்கிய பாதையானாலும், போனார்களாம். ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு அவர் பதினொன்றரைதான். நான் வாய் திறக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டார் என்பது உண்மை. எனக்கு அது வசதியாக இருந்தது என்பதும் உண்மை.

இறுதிச் சடங்கன்று தகன மண்டபத்தின் முற்றத்தில் நின்றோம். ஒருவர், நல்ல மனதோடுதான், "அண்ணை மேலையும் எழுபத்தைஞ்சிலைதான் போவார், டீசல் மிச்சம்" என்றார். சிலர் கண்ணீரோடு சிரித்தார்கள். புஷ்பம் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கஞ்சன் எண்டு சொல்லியே இவரை அனுப்பப்போகினம். இனி அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. நீர் எழுதும்."

"ஓம் அக்கா" என்றேன். இதோ எழுதிவிட்டேன்.

அன்று அக்கா அதைச் சொன்ன அந்த நேரத்தில்தான் அண்ணையைக் கொண்டுவந்த கறுப்பு வண்டி முற்றத்துக்குள் திரும்பி, மண்டப வாசலை நோக்கிப் பின்னால் வரத் தொடங்கியது. எல்லோரும் விலகினார்கள். நானும் விலகினேன், ஆனால் பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். கை தானாக உயர்ந்துவிட்டது. சத்தமாகவே சொன்னேன்.

"வரட்டும் அண்ணை, வரட்டும். இடம் இருக்கு."