கக்கத்தில் ஒரு ரஷ்ய லென்ஸ்

முதலில் ஒரு திருத்தம்.

கோடையில் இதே இடத்தில், இறுகிப்போன பழைய கேமரா லென்சுக்கு இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் போதும், வளையம் வழுக்கிக்கொண்டு சுழலும் என்று எழுதியிருந்தேன். பத்திரிகையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன். நான்கு வாசகர்கள் செய்து பார்த்துவிட்டு நன்றி வேறு சொன்னார்கள்.

அந்த நால்வருக்கும் சொல்கிறேன். விடியற்காலையில் லென்சைத் தொடாதீர்கள். இது மார்கழி. உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை ஒரு நிமிடம் போய்ப் பாருங்கள்... புரிகிறதா? எனக்கு இந்த மாத முதல் வாரத்தில்தான் புரிந்தது. அதுவும் ஒருவருடைய கல்யாணத்தைப் பணயம் வைத்து.

அந்த ஒருவர் முருகவேல். செஞ்சி - திண்டிவனம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வயது முப்பத்து மூன்று. நல்ல கறுப்பு, நல்ல பல்வரிசை. கல்யாண விஷயத்தில் அவருக்கு இருந்த ஒரே எதிரி, அவருடைய போட்டோ.

ஸ்டுடியோவில் எடுத்தது. கம்ப்யூட்டரில் போட்டு அவரை வெள்ளை வெளேர் என்று ஆக்கிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து மூன்று இடத்தில் சரி என்றார்கள். ஆளை நேரில் பார்த்ததும் மூன்று இடமும் கைவிட்டுப் போயிற்று. கடைசியாக வந்தவர்கள், கதவைத் திறந்த முருகவேலிடமே, "மாப்ள இல்லீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நாலாவதாக ஓர் இடம் வந்தது. பெண் கௌசல்யா, திண்டிவனத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. பெண்ணே தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டார். "பூசி மெழுகாத போட்டோ ஒண்ணு வேணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள அனுப்புங்க. இல்லன்னா அடுத்த ஜாதகத்தைப் பாக்கறோம்."

முருகவேலின் அக்கா செல்விக்கு என் ஞாபகம் வந்தது. என்னிடம் இருப்பது ஐம்பது வயதான ரஷ்ய லென்ஸ். முழுக்க இரும்பும் கண்ணாடியும். போகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஒரு வளையம் போட்டு இன்றைய கேமராவில் மாட்டியிருக்கிறேன். முகத்தில் இருப்பதை இருக்கிறபடி காட்டும் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் முருகவேலிடம் பெருமையடித்திருந்தேன். வாய்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

காலை ஆறரை மணி. கோட்டை மதிலை ஒட்டிய ரோட்டோரம். பின்னால் ராஜகிரி மலை. பனி பாறையிலிருந்து இறங்கி ரோட்டுக்கு வந்துவிட்டது. முருகவேல் புதுச் சட்டையில் விறைப்பாக நிற்கிறார். நான் கேமராவைத் தூக்கினேன். வளையத்தைத் திருப்பினேன்.

திரும்பவில்லை.

இன்னும் அழுத்தித் திருப்பினேன். என் மணிக்கட்டுதான் திரும்பியது. முந்தைய நாள் மாலை மலையைப் படம் எடுத்திருந்தேன். தூரத்துக்கு வைத்த போகஸ் அங்கேயே உறைந்துவிட்டது. திரையில் ராஜகிரி துல்லியமாக இருந்தது, உச்சியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. மாப்பிள்ளை மட்டும் புகை.

செல்வி எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், பொண்ணு மலையையா கட்டிக்கப் போவுது?"

எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். செல்வி தையல்காரர். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"தலைக்கு வைக்கிற எண்ணெயையா உள்ள வுட்டீங்க? மிஷின் ஆயில் ஒரு சொட்டு கேட்டா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

பனிப்பிரதேசத்தில் பிறந்த லென்ஸ். அங்கே உறையாமல் ஐம்பது வருடம் தாக்குப்பிடித்துவிட்டு, செஞ்சி மார்கழியில் விறைத்துப்போய்விட்டது. ரஷ்யர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருக்க மாட்டார்கள்.

சூடு காட்டினால் இளகும். அடுப்பு? கண்ணாடி தெறித்துவிடும். வெயில்? எட்டரைக்கு மேல்தான். முருகவேலுக்கோ எட்டு மணிக்கு டியூட்டி. மிச்சமிருப்பது மனித உடம்பு. அதில் நல்ல கதகதப்பான இடம் எது?

"சட்டைக்குள்ள வுட்டு கக்கத்துல வச்சுக்கடா" என்றார் செல்வி.

"நானா? சார் லென்சு, சார் கக்கத்துல வைக்கட்டும்."

"கல்யாணம் சாருக்கா? வையுடா!"

லென்சைக் கழற்றிக் கொடுத்தேன். சட்டையின் முதல் இரண்டு பட்டனைத் திறந்து இடது கக்கத்தில் செருகி, பட்டனைப் போட்டுக்கொண்டார். விடியற்காலை இரும்பு. பட்டதும் மனிதர் ஒரு துள்ளு துள்ளினார்.

"யக்கா... ஐஸ்ஸுக்கா!"

உடம்பெல்லாம் குலுங்கிச் சிரிக்கிறார். கையைத் தூக்கவும் முடியாது, தூக்கினால் லென்ஸ் கீழே விழுந்துவிடும். இடது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு குதிக்கிறார். எனக்கும் சிரிப்பு. செல்வி மட்டும் ஏனோ போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் வளையம் இளகிவிட்டது. லென்சை மாட்டி மளமளவென்று பன்னிரண்டு படம் எடுத்தேன். பார்த்தால்... பன்னிரண்டிலும் மாப்பிள்ளை பால் கலந்த மாதிரி இருக்கிறார். மூடி போடாமல் கொடுத்துவிட்டேன். கக்கத்தின் ஆவி கண்ணாடி முழுக்கப் படிந்திருந்தது.

ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டர் வைத்துச் செய்ததை நான் ஒரு கக்கத்தை வைத்துச் செய்துவிட்டேன்.

துடைத்துவிட்டுத் திருப்பினால், வளையம் மறுபடி உறைந்திருந்தது. மணி ஏழே முக்கால். முருகவேல் டியூட்டிக்கு ஓடிவிட்டார். செல்வி என்னோடு மேற்கொண்டு பேசவில்லை. போனில் தான் எடுத்த ஒரு படத்தைத் தரகருக்குத் தட்டிவிட்டார். லென்ஸ் பட்ட நொடியில் எடுத்தது. நிறம் அவர் நிறம். சிரிப்பு அவர் சிரிப்பு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நல்ல படம்.

ஒன்பதரைக்கு, நான் செல்வி வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும்போது, தரகர் கூப்பிட்டார். செல்வி ஸ்பீக்கரில் போட்டார்.

"முகம் புடிச்சிருக்குதாம். ஆனா பொண்ணு ஒண்ணு கேக்குது. இடது கை ஏன் ஒட்டிக்கினு இருக்குது? எதுனா குறையா?"

கவனித்தீர்களா? நாள் முழுக்க அடுத்தவர் கையைப் பிடித்து நரம்பு தேடுகிற பெண். அவர் கண்ணுக்குத் தப்புமா?

"அதெல்லாம் இல்லீங்க. கக்கத்துல லென்சு வச்சிருந்தான்" என்றார் செல்வி.

மறுமுனையில் தரகர் உச்சுக் கொட்டினார்.

"ஏம்மா... பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லக் கூடாதா?" என்று வைத்துவிட்டார்.

நான்கு நாள் எந்தத் தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் பஸ்ஸில் முருகவேல் எனக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார். "மூணு தடவ மூஞ்சியால போச்சு சார். இப்போ கையால போவுது." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். அடுத்த நிறுத்தம்வரை நான் ஜன்னலுக்கு வெளியே நிலக்கடலைக் கொல்லைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

வல்லத்தில் ஓர் அம்மா ஏற நின்றார். காலடியில் ஒரு சின்னக் கடலை மூட்டை.

"தம்பி, இத்த கொஞ்சம் தூக்கி வையி."

முருகவேல் குனிந்தார்.

"அந்தக் கை வேணாம். இந்தக் கையால தூக்கு."

"எந்தக் கையால தூக்குனா இன்னாம்மா? மூட்டை ஏறுனா சரிதானே?"

"எனக்கு ஒரு வேண்டுதல். தூக்கேன்!"

தூக்கினார். "அப்படியே மேல வையி" என்று தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். வைத்தார். அந்த அம்மா உட்காரக்கூட இல்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்க வேண்டும் என்றார். மூட்டையை இறக்க வேண்டும், அதுவும் இடது கையால். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். தலையில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண்ணும் கூடவே இறங்கினார். இறங்கியவர் முருகவேலின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெனம் ஒரு கிறுக்கு சார்" என்று முருகவேல் விசிலடித்தார்.

அன்று சாயங்காலம் தரகர் மறுபடி கூப்பிட்டார். பெண் வீட்டில் சம்மதம். மூட்டைக்காரம்மா, பெண்ணின் அத்தை. ஸ்கார்ஃப் கட்டியவர், பெண்.

செய்தி வந்தால் நேரில் போய்ச் சரிபார் என்று எங்கள் காலத்தில் புதிதாக வரும் நிருபர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோகும். அவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்த இடத்திலிருந்து போன் போடுவார்கள். இந்த அத்தை மூட்டையோடு போயிருக்கிறார். ஏற்றிப் பார்த்தார், இறக்கியும் பார்த்தார். இப்படி ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் நான் இத்தனை திருத்தம் போட்டிருக்க வேண்டியதில்லை.

கல்யாணம் தை மாதத்தில். இப்போது இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். முதல் நாளே கௌசல்யா கேட்டிருக்கிறார். "அந்த போட்டோல அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சிருந்தீங்களே... எதுக்கு?"

முருகவேல் நேர்மையான மனிதர். லென்ஸ், எண்ணெய், கக்கம் என்று முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

"கத வுடாதீங்க. உங்க அக்கா என் போட்டோவக் காட்டிருப்பாங்க. அத்தப் பாத்துத்தான சிரிச்சீங்க?"

இதற்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்?

"ஆமா" என்று சொல்லிவிட்டார்.

உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர். முருகவேல் சொல்லப் போவதில்லை. செல்வி சத்தியம் செய்துவிட்டார். என்னைப் பற்றித்தான் அவர்களுக்குக் கொஞ்சம் பயம்.

பயப்பட வேண்டாம். பெண் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. நேரில் போய் விசாரித்துவிட்டேன்.