வாய்விட்டுச் சொல்லாத பெயர்

கம்பெனி தொடங்குவது கல்யாணம் நடத்துவதைவிடப் பெரிய பாடாக அல்லவா இருக்கிறது! பான் கார்டு, ஆதார், கரண்டு பில், போட்டோ என்று முதுகுளத்தூருக்கும் ராமநாதபுரத்துக்குமாக அலைந்தே முருகலட்சுமி ஓய்ந்துபோனாள். எல்லாம் மிளகாய்த்தூள் அரைத்து விற்கத்தான். அவளும் நாத்தனார் துர்காதேவியும் டைரக்டர்கள். துர்காவின் டிஜிட்டல் கையெழுத்து போன வாரமே வந்துவிட்டது, முருகலட்சுமியுடையதுதான் பாக்கி. கம்பெனிக்கு ஒதுக்கி வாங்கிய பெயரின் கெடு நாளையோடு முடிகிறது. அதற்குள் கையெழுத்து வந்து கம்பெனியைப் பதியத் தவறினால் எல்லாம் முதலிலிருந்து.

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் பாம்பன்காரி ஜாஸ்லின், போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஆதார்ல உள்ளபடி உங்க பேரு, வீட்டுக்காரர் பேரு, ஊரு. கையெழுத்து வர்றதுக்கு மூணையும் வீடியோவுல சொல்லிருங்கம்மா. அம்புட்டுதான்."

அம்புட்டுதானாம்! தன் பெயரைக் கணீரென்று சொன்னவள் அதோடு நின்றுவிட்டாள்.

"அதான் கார்டுலயே போட்டிருக்குல்ல தாயி?"

"நீங்க சொல்லணும்மா. இல்லைன்னா ரிஜெக்ட் ஆயிரும்."

"துர்கா, நீ சொல்லேன்."

"நான் சொன்னா எடுபடுமா மதினி? எங்கண்ணன் பேருதானே, சும்மா சொல்லுங்க."

ஜாஸ்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க வீட்டுக்காரரை நான் வினோத்துன்னுதான் கூப்பிடுறேன். கரையில நின்னு கூப்பிட்டா கடல்ல போட்டுல இருக்க ஆளுக்குக் கேட்கும்!"

கடற்கரைக்காரிக்கு அது சரி. முருகலட்சுமி, புருஷன் பெயர் மலையாண்டி என்பதற்காக, கடையில் மலைப்பூண்டைக்கூட 'பெரிய பூண்டு' என்றே கேட்டு வாங்கியவள். கல்யாணத்தன்று இதே துர்கா வாசலை மறித்துக்கொண்டு, "எங்கண்ணன் பேரைச் சொன்னாத்தான் உள்ள விடுவேன்" என்று அழிச்சாட்டியம் பண்ணினாள். புதுப்பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டியது. பின்னால் நின்ற மாப்பிள்ளைதான், "விடுடீ, நானே சொல்லுறேன்" என்று தன் பெயரைத் தானே சொல்லி அவளை உள்ளே கூட்டிப்போனார். வீடே சிரித்தது. எப்பேர்ப்பட்ட மனுசன்!

பிறகு மிளகாய்க் களத்தில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அவரே கெஞ்சுவார்.

"இங்கன யாரு இருக்கா? ஒருக்கா என் பேரைச் சொல்லு புள்ள."

"போங்க, சொன்னா ஆயுசு குறைஞ்சிரும்."

வாய் திறக்காமல் அவள் காத்த அந்த ஆயுசு அறுபதை எட்டுமுன்பே முடிந்துவிட்டது. மூன்று வருடமாகிறது. இனி எதைக் காக்க இந்த வாயைக் கட்டுவது? கெஞ்சியபோது ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே!

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். "முருகலட்சுமி. வீட்டுக்காரர் பேரு... மலையாண்டி."

"சத்தம் விழலைம்மா. இன்னொருக்கா."

இந்தத் தடவை குரல் அமுங்கவில்லை. பெயரும் ஊரும் தெளிவாக வந்தன. துர்கா சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைக் கசக்கினாள்.

"ஓகே ஆயிருச்சும்மா, எந்திரிங்க" என்று ஜாஸ்லின் போனை அணைத்தாள்.

முருகலட்சுமி எழுந்திருக்கவில்லை.

"இரு தாயி, இன்னொருக்கா சொல்லிக்கிறேன்."

"அதான் பதிவாயிருச்சேம்மா."

"பதிவுக்கு இல்ல."

யாரையும் பார்க்காமல், பக்கத்து அறையில் இருக்கும் ஆளைக் கூப்பிடுகிற குரலில், "மலையாண்டி" என்றாள்.