மாமியார் இல்லாத மர்ம நாவல்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு மர்ம நாவலை நிம்மதியாகப் படித்து முடித்துவிடலாம் என்று நம்பினேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முதல் நாளே பக்கத்து சீட் அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இன்னாமா கதை?" என்று கேட்டார். பேக்கிங்கில் வேலை பார்ப்பவர். நானும் சும்மா இராமல் சொல்லித் தொலைத்தேன். கைக்குழந்தையோடு ஒரு தாய் வீட்டில் தனியாக இருக்கிறாள். குழந்தைக்கு அடிக்கடி ஏதோ ஆபத்து நேர்கிறது. யாரோ வந்து போகிறார்கள் என்கிறாள் அவள். அவளே செய்துவிட்டு மறைக்கிறாளோ என்று புருஷன் சந்தேகப்படுகிறான்.

மறுநாளிலிருந்து அது பஸ்ஸுக்கே சீரியல் ஆகிவிட்டது. இரண்டு பக்கம் புரட்டுவதற்குள், "அப்பால இன்னா ஆச்சி?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு தலை நீளும். பெரியபாளையம் வருவதற்குள் மாமியார்தான் குற்றவாளி என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. இந்தக் கதையில் மாமியாரே கிடையாது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"மாமியா இல்லாத ஊடு எங்கமா கீது? கடைசில வருவா பாரு" என்றார் அக்கா.

என் எரிச்சலுக்குக் காரணம் வேறு. என் மகள் நாலு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு மத்தியானம் அழுகையை நிறுத்தவே இல்லை. "செத்துத் தொலையேன்" என்று கத்திவிட்டு, அவளைப் பாயில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மொட்டைமாடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம். என் வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது. நாவலில் வரும் அந்தத் தாய் கெட்டவளா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இவர்களோ என்னைப் படிக்கவே விடவில்லை.

கடைசி முப்பது பக்கம் இருக்கையில், கவரைப்பேட்டையில் லாரிகள் மறித்துக்கொண்டு பஸ் நின்றுவிட்டது. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "குடு, நா பாக்கறேன்" என்று புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

"அம்மாக்காரிதான்மா. அவளேதான் எல்லாம் பண்ணிக்கீறா."

"தூ, அவல்லாம் ஒரு பொம்பளையா" என்றது பின்சீட்டு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. "எம் பொண்ணு கத்திகினு கெடந்தப்ப நானுந்தான் கதவ சாத்திட்டு மாடில போய் குந்திகினு இருந்தேன். என்னயும் துப்புங்க" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. அவமானத்தில் முகமெல்லாம் எரிந்தது.

அக்கா புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார்.

"எத்தினி நேரம்?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"பத்து நிமிஷம்."

"நா எம் புள்ளய உள்ள வெச்சி காலைல பூட்டிகினு போய்ட்டு சாயங்காலந்தான் வந்தேன்" என்றார். "அவனுக்கு இப்ப பொண்ணு பாத்துகினு கீறோம். அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எனக்குத்தான் அந்த அழுவ இன்னும் கேட்டுகினே கீது."