பத்ரி மாமாவின் சேஃப் மோட் வைத்தியம்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் யாருடைய கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பத்ரிநாராயணனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். கூப்பிடவே வேண்டாம். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது யாராவது "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ" என்று அலுத்துக்கொண்டால் போதும், அடுத்த பத்து நிமிஷத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார்.

அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒருமுறை கம்ப்யூட்டர் பயிற்சி நடந்தது. மற்றவர்கள் போண்டாவுக்காகப் போனார்கள், இவர் கற்றுக்கொள்ளப் போனார். அதில் மனசில் தங்கியது ஒன்றே ஒன்று: மெஷின் தகராறு பண்ணினால் சேஃப் மோடில் திற. தேவையில்லாதது எதுவும் ஓடாது, அத்தியாவசியமானது மட்டும் விழித்துக்கொள்ளும், கோளாறு எங்கே என்று நிதானமாகத் தேடலாம். தேடுவது எப்படி என்பதைச் சொல்லித்தருவதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

ஆகவே எந்த வியாதிக்கும் மாமாவிடம் ஒரே மருந்துதான். பிரிண்டர் வரவில்லையா, சேஃப் மோட். ஸ்பீக்கர் கரகரக்கிறதா, சேஃப் மோட். கறுப்புத் திரையின் நான்கு மூலையிலும் 'சேஃப் மோட்' என்ற எழுத்துகள் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து, "பாத்தேளா, இப்போ சாதுவாயிடுத்து" என்பார். அதற்குள் காபி வரும். குடித்து முடித்து மெஷினை மறுபடி சாதாரணமாகத் திறப்பார். அணைத்துப் போட்டாலே பாதிக் கோளாறு போய்விடும் என்பது உலகத்துக்கே தெரியும். மாமா அதைத் தன் கைராசி என்று நினைத்தார்.

அவர் மனைவி சுப்புலக்ஷ்மியின் விஷயம் வேறு. கணக்கில் பட்டம் வாங்கியவள். அந்தக் கட்டடத்துக் குழந்தைகளில் முக்கால்வாசி பேருக்குச் சாயங்காலத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, ஃபெயில் ஆகவேண்டியவர்களைக் கூடக் கரையேற்றியிருக்கிறாள். எல்லாம் இலவசம். "ஆத்துல உக்காந்துண்டு காசு வாங்கறதாவது" என்று கல்யாணமான புதிதில் பத்ரி ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் அதைப் பற்றி யோசிக்கவேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. அவளுக்கு ஏற்பட்டது.

வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாடம் நடத்தும் கம்பெனி ஒன்றுக்கு அவளே விண்ணப்பம் போட்டாள். அவளே பரீட்சை எழுதினாள். கடைசிக் கட்டம் வந்த பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு டெமோ கிளாஸ். மூணு பேர் உக்காந்து பாக்கப் போறா. அன்னிக்கு விட்டா மறுபடி கூப்பிடமாட்டாளாம்."

பத்ரி வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நேரே போய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார்.

"சனிக்கிழமை ஒம்போதுலேந்து பத்தரை ராகு காலம்டி."

"அவாளுக்கெல்லாம் ராகு காலம் கெடையாது."

"நமக்கு உண்டே."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். ஆனால் பத்ரி தோற்கிற ஆள் இல்லை. ராகு காலத்தில் காரியத்தை ஆரம்பிக்கத்தான் கூடாது. முன்னாடியே ஆரம்பித்துவிட்டால் நடுவில் ராகு காலம் வந்து போவதில் தோஷமில்லை. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டு வைத்துவிட்டு அப்புறம் ஆற அமரக் கிளம்புவதில்லையா, அந்தக் கணக்கு. ஒன்பதுக்குள் லேப்டாப்பைத் திறந்து ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கிவைத்துவிட்டால் போதும் என்று தீர்மானித்தார். மனைவி மேல் அக்கறை இல்லாத மனிதர் இல்லை. அந்த அக்கறைதான் ஆபத்து.

சனிக்கிழமை ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது சுப்புலக்ஷ்மி குளிக்கப் போனாள். பத்ரி லேப்டாப்பைத் திறந்தார். அவள் பேருக்கு வாங்கியது, பாஸ்வேர்ட் போட்டது இவர், தினமும் திறப்பது நாலு இலக்க பின் நம்பரால். அது கொஞ்சம் மெதுவாகக் கண் விழித்தது. எப்போதும் அப்படித்தான். ஆனால் இன்றைக்கு அதைப் பார்த்ததும் பத்ரிக்குக் கை துறுதுறுத்தது. ஒன்பதுக்குள் ஏதாவது ஆரம்பிக்க வேண்டும். வைத்தியத்தையே ஆரம்பித்தால் என்ன?

அந்தக் காலத்து மெஷினில் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் சேஃப் மோட் வரும். இந்தக் காலத்து லேப்டாப்பில் அது பலிக்காது. அதற்கு மாமா போன மாசம்தான் ஒரு வீடியோவில் வேறு வழி கற்றிருந்தார். செட்டிங்குக்குள் போய் 'சேஃப் பூட்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு, அணைத்துத் திறந்தால் தீர்ந்தது. போட்டார். கோவில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தார். மணி எட்டு ஐம்பத்தெட்டு. ராகுவை ஏமாற்றிவிட்ட திருப்தி.

திரை வந்தது. பின் நம்பரை அடித்தார். பின் நம்பர் இப்போதைக்குச் செல்லாது, பாஸ்வேர்டைச் சொல் என்றது மெஷின்.

பாஸ்வேர்ட்? லேப்டாப் வாங்கிய அன்று போட்டது. அவர் பேரை அடித்தார், அவள் பேரை அடித்தார், குலதெய்வத்தை அடித்தார், ஸ்கூட்டர் நம்பரை அடித்தார். ஒன்றுக்கும் மசியவில்லை. அணைத்துத் திறந்தார். டிக் போட்டாயிற்றே, மறுபடி சேஃப் மோடிலேயே வந்து நின்றது. டிக்கை எடுக்க வேண்டுமானால் உள்ளே போகவேண்டும். உள்ளே போகப் பாஸ்வேர்ட் வேண்டும். போனில் எப்படியோ தடவித் தடவிப் புதுப் பாஸ்வேர்ட் ஒன்று வாங்கினார். சேஃப் மோடில் இன்டர்நெட் கிடையாது, ஆகவே பாஸ்வேர்ட் மாறிய சங்கதி லேப்டாப்புக்குத் தெரியாது. பனியன் தொப்பலாக நனைந்துவிட்டது.

சுப்புலக்ஷ்மி அரக்குப் பார்டர் காட்டன் புடவையில், கையில் சின்ன வெள்ளைப் பலகையோடு வந்தாள்.

"என்னன்னா, ரெடியா?"

"அப்டேட் ஆயிண்டிருக்கு."

சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருஷ சர்வீஸில் மேலதிகாரியிடம் கூட இவ்வளவு சரளமாகப் பொய் சொன்னதில்லை. அவள் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள், ஃபேனைக் குறைத்தாள். அப்போதும் அவர் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவள் அதை மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். நான்கு மூலையிலும் அந்த எழுத்துகள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பத்ரிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் உங்கள ஒண்ணும் கேக்கலையே. இத ஒண்ண மட்டும் எனக்குன்னு வெச்சுண்டேன். இதையுமா தொடணும்?"

பதிலுக்கு நிற்க நேரமில்லை. மணி ஒன்பதே முக்கால். பலகையை எடுத்துக்கொண்டு எதிர் ஃபிளாட்டின் பெல்லை அடித்தாள். மஹ்விஷ் கதவைத் திறந்தாள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிற பெண். அவள் மகள் ஃபிசா சாயங்காலக் கணக்கு வகுப்பில் முதல் வரிசை. சுப்புலக்ஷ்மி இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

"உள்ள வாங்க ஆன்ட்டி. பெட்ரூம்ல உக்காருங்க, அங்கதான் சிக்னல் நல்லா இருக்கும்" என்றவள், பின்னாலேயே வந்த பத்ரியைப் பார்த்து, "மாமா, நீங்க அங்கயே நில்லுங்க" என்றாள்.

பத்ரி இரண்டு வாசலுக்கும் நடுவே நின்றார். யாரும் பெல் அடிக்காமல் பார்த்துக்கொள்வது என்று தனக்குத்தானே ஒரு உத்தியோகம் போட்டுக்கொண்டார். தண்ணீர் கேன் போடும் அன்புச்செல்வி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"இன்னா மாமா, வெளிய நின்னுக்கினு கீறீங்க? மாமி தொரத்திட்டாங்களா?"

"ஷ்ஷ். மாமிக்கு இன்டர்வியூ நடக்கறது."

"மாமிக்கா? அத்த மொதல்லயே செய்யறதுக்கு இன்னா?" என்று கிசுகிசுத்துவிட்டு, கேனைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

உள்ளேயிருந்து சுப்புலக்ஷ்மியின் இங்கிலீஷ் கேட்டது. முதலில் நடுங்கிற்று. கொஞ்ச நேரத்தில் சாயங்கால வகுப்புக் குரலாகிவிட்டது. அரையைக் காலால் வகுத்தால் விடை ஏன் இரண்டு, வகுத்தால் குறையத்தானே வேண்டும் என்று மூவரில் ஒருவர் குழந்தைபோல் கேட்டார். உன் தட்டில் அரை தோசை இருக்கிறது, அதில் கால் தோசைத் துண்டு எத்தனை வரும், நீயே பிய்த்துப் பார் என்றாள். பத்ரி கைவிரலில் பிய்த்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பெருக்க வேண்டும் என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். ஏன் என்று இத்தனை வயசுக்கு அவரும் கேட்டதில்லை.

மஹ்விஷ் டீயோடு வெளியே வந்தாள். மனசு கேட்காமல் பத்ரி ஆரம்பித்தார்.

"ஒன் லேப்டாப் நன்னா ஓடறது பாத்தியா. போன மாசம் நான் சேஃப் மோட்ல போட்டு எடுத்தேனே."

மஹ்விஷ் டீ டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். இன்றைக்கு அவளுக்கும் பொறுமை தீர்ந்திருந்தது.

"கோச்சுக்காதீங்க மாமா. நீங்க போட்ட டிக்க எடுக்க அன்னிக்கே கடைக்கு எடுத்துட்டுப் போனோம். நாங்க மட்டும் இல்ல. நீங்க பாத்துட்டுப் போன அப்புறம் எல்லா வீட்லயும் கடைக்காரரக் கூப்பிடுவாங்க."

"அப்போ எதுக்கு என்னப் பாக்க விடறேள்?"

"ஆன்ட்டி எங்க பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தராங்க. ஒண்ணும் வாங்கிக்க மாட்டேங்கறாங்க. நாங்க எப்படித்தான் திருப்பிச் செய்யறது?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. லேப்டாப் லேப்டாப்பாக அவருக்கு வந்த காபிகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒன்று கூட அவருக்காகப் போட்டதில்லை. அவமானமாகத்தான் இருந்தது, அவமானத்துக்கு அடியில் உள்ளே தோசை பிய்த்துக்கொண்டிருந்தவள் மேல் ஒரு பெருமையும் இருந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினார்.

பதினொன்றுக்கு அவள் வெளியே வந்தாள். முகத்திலேயே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு.

"ராகு காலத்துலதான் ஆரம்பிச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு முழுக்க அதற்குமேல் அவரோடு பேசவில்லை. லேப்டாப்பைத் தி.நகர் கடையில் சரி செய்து வாங்கி வந்து, பின் நம்பரையும் பாஸ்வேர்டையும் மாற்றி, இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது தினமும் காலையில் வகுப்பு நேரத்தில் பத்ரி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். கூரியர்காரனிலிருந்து கீரைக்காரி வரை அவர் விரலசைத்தால்தான் நகர முடியும். போன வாரம் மஹ்விஷ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"மாமா, லேப்டாப் திரும்ப ஸ்லோவாயிடுச்சு. கொஞ்சம் பாக்கறீங்களா?"

பத்ரிக்கு மூக்கில் வியர்த்தது. விரல்கள் தாமாக வேஷ்டி நுனியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போயின. கதவுக்குப் பின்னால் சுப்புலக்ஷ்மியின் குரல் யாரோ ஒரு குழந்தைக்கு வகுத்தல் சொல்லிக்கொண்டிருந்தது.

"கடையில குடுத்துடும்மா" என்றார். "டீ மட்டும் போடு."