டிசைனரிடம் மறைத்த கோடு

என் முதல் வீடு பத்து மாதம் விலைபோகாமல் கிடந்ததற்கு நான்தான் காரணம் என்று யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், அன்றைக்கே அவர்களோடு பேச்சை முறித்திருப்பேன். நிவித்திகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்றில் எட்டுப் பேரோடு வளர்ந்தவள் நான். கல்யாணமாகி இரத்தினபுரி டவுனுக்கு வந்து, கணவரின் ஹாட்வெயார் கடையில் முப்பது வருஷம் பெயின்ட்டும் பைப்பும் விற்ற தைரியத்தில், பழைய வீடுகளை வாங்கித் திருத்தி விற்க இறங்கினேன். முதல் வீட்டுக்கு ரோஸ் நிற டைல்ஸ், தங்க நிறக் கைப்பிடிகள், ஹோலில் மூன்று அடுக்கு சீலிங், அதற்குள் நீல லைட். எனக்கு அது மாளிகை. பார்க்க வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வாங்கியவர் சாவியைக் கையில் எடுத்த அன்றே அந்த சீலிங்கை உடைக்க ஆள் கூப்பிட்டார்.

இரண்டாவது வீட்டுக்கு ஒரு டிசைனரைப் பிடிப்போம் என்றார் என் கணவர். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று சொல்ல ஓர் ஆளா என்று இரண்டு நாள் அவரோடு சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் நானே போன் போட்டு விசாரித்தேன். அகப்பட்டவள் கேகாலைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. கொழும்பில் படித்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடைகளுக்கும் ஒன்றிரண்டு அறைகளுக்கும் வேலை செய்திருந்தாள், முழு வீடு இதுதான் முதல் தடவை. இதை நன்றாக முடித்தால்தான் நாலு பேரிடம் காட்ட முடியும் என்று போனிலேயே ஒளிக்காமல் சொன்னாள்.

அவள் வருவதற்கு முந்தின வாரம் நான் செய்த காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் டவுனில் பள்ளத்துப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் டைல்ஸைப் பார்ப்பதற்கு முதல் கதவுக்குப் பின்னால் பார்ப்பார்கள். மீட்டர் பெட்டியைத் திறப்பார்கள், மாடிப்படிக்குக் கீழே குனிவார்கள். டவுனை ஒட்டி ஓடுகிற ஆற்றை நாங்கள் கங்கை என்போம், அது பெருகி வீட்டுக்குள் வந்தால், தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் ஒரு மண் நிறக் கோடு விழும். தண்ணீர் வடிந்த பிறகும் அது போகாது. விற்கிறவர்கள் அதை மறைப்போம், வாங்குகிறவர்கள் தேடுவார்கள். மறைப்பதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை, வீடு விற்பதில் அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் கோடு என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. எங்களுக்குக் கொத்து வேலை செய்கிற மேசன் பாஸைக் கூப்பிட்டுச் சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசச் சொன்னேன். மீட்டர் பெட்டியையும் மாற்றச் சொன்னேன். சிங்கள மனுஷர், எங்களோடு இருபது வருஷப் பழக்கம், ஒன்றும் கேட்காமல் செய்தார். வாங்க வருகிறவனுக்காக மறைக்கிறேன் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். டிசைனரும் அதே வாசலால்தான் உள்ளே வரப்போகிறாள் என்பது என் மண்டைக்கு ஏறவில்லை.

முதல் நாள் அவள் டேப்பும் ஒரு தடித்த கொப்பியுமாக வந்தாள். வெயில் எந்தப் பக்கம் விழும், காற்று எப்படி வரும் என்று கேட்டு எழுதினாள். பிறகு தண்ணீருக்கு வந்தாள். அவள் ஊரில் பயம் மலையிலிருந்து மண்சரிவாக வரும், எங்களுக்கு ஆற்றிலிருந்து வரும். கோடு தேட அவளுக்குத் தெரியாது. அதனால் என்னிடம் கேட்டாள்.

"ஆன்டி, இந்த வீட்டுக்கு வெள்ளம் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"வாசப்படி வரைக்கும் ஒருக்கா வந்திச்சாம், புள்ள. உள்ளுக்கு வரல."

உண்மையைச் சொல்ல அந்த நேரத்தில் எனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. கடைசிச் சுவரைப் பூசிக்கொண்டிருந்த பாஸுக்குத் தமிழ் ஓரளவு புரியும். கொத்துக்கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு தன் பாட்டில் பூசினார். அவள் கொப்பியில் 'வாசற்படி' என்று எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டாள்.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் முழு வீட்டையும் வரைந்தாள். பிளக் பொயின்ட் எல்லாம் தரையோடு தாழ்வாக. சமைக்கிற குசினிக்கு, அமுக்கின மரத்தூள் பலகையில் தரை வரைக்கும் இறங்கும் பென்ட்ரி கபட். தங்க நிறக் கைப்பிடிக்காக அவளோடு மல்லுக்கு நின்று தோற்றேன். சீலிங்குக்காகவும் தோற்றேன். வெள்ளைச் சுவரும் மரநிறக் கதவுமாக அந்த இருண்ட வீடு வெளிச்சமாகிக்கொண்டு வந்தபோது, தோற்றதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. அவளிடம் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

வேலை பாதி நடக்கும்போதே வாங்க ஆள் வந்துவிட்டது. கலவானப் பக்கத்து ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற டீச்சர். கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தோட்டத்துப் பாதையில் அம்புலன்ஸ் ஏறாது. ஒவ்வொரு தடவையும் கதிரையில் வைத்து மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அங்கிருந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்குவதற்கு ஆள் தேடித் தேடி முகம் செத்துப்போயிற்று என்றாள் டீச்சர். அவளுக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, படி ஏறாத ஓர் அறை. நாலு தடவை வந்து பார்த்தாள். வெள்ளத்தைப் பற்றி அவளும் கேட்டாள். அவளுக்கும் வாசற்படி என்றுதான் சொன்னேன்.

டிசைனர் கீழே இருந்த பின்னறையை அந்த மனுஷருக்கென்றே மாற்றினாள். வீல் செயார் போக வாசலை அகலமாக்கினாள், பாத்ரூம் வாசலில் உயர்ந்திருந்த கட்டை இடித்து எடுத்துவிட்டாள். ஒரு நாள் போனபோது அவள் முக்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். படுத்துக்கொண்டே அவருக்கு ரோட்டு தெரிய வேண்டும், அதுதான் ஜன்னலைக் கொஞ்சம் கீழே பதித்துக் கட்டலாமா என்று பார்க்கிறேன் என்றாள். அன்று போகும்போது பாஸ் சிங்களத்தில், அந்த மாத்தயாவுக்கு நடக்க முடியாதுதானே நோனா என்று மெதுவாகக் கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். உண்மையில் கோபம் என்மேல்தான் இருந்தது, பக்கத்தில் நின்ற பாவத்துக்கு அவர் வாங்கிக்கொண்டார்.

வீட்டை டீச்சர் பெயருக்கு எழுதுகிற வேலையை அடுத்த திங்கட்கிழமை வைத்திருந்தோம். டீச்சர் போன் எடுத்து, வெள்ளிக்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக் இருக்கிறது, வியாழனே அவரைக் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சரி என்றேன். மழை செவ்வாய்க்கிழமையே பிடித்துவிட்டிருந்தது. புதன்கிழமை இரண்டு தரம் போய்க் கங்கையைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் டவுனில் பழகினவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு, தண்ணீர் ஆற்றோர மைதானத்துப் படியைத் தொட்டால் மூன்று மணித்தியாலத்தில் எங்கள் தெருவுக்குள் வரும். புதன்கிழமை படிக்கு இன்னும் தூரம் இருந்தது. வியாழன் காலையில் மனசு கேட்காமல் டீச்சருக்குப் போன் எடுத்தேன். அப்போதும் உண்மை வரவில்லை. பெயின்ட் வாசம் போகவில்லை, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றேன். புறப்பட்டுவிட்டோம், பாதி வழிக்கு வந்தாயிற்று, ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்றாள் டீச்சர்.

பதினொரு மணிபோல வேன் வந்தது. டிசைனர் பின்னறையில் திரைச்சீலை போட்டுக்கொண்டிருந்தாள். டிரைவரும் பாஸும் மனுஷரைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள். பாஸ் எங்கேயோ வெளியே போனார். மனுஷர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். மழைக்குள் ஓர் ஆட்டோ போனது. அவர் பாதி முகத்தால் சிரித்து, நல்ல கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாஸ் திரும்பி வந்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தார். என்னை மட்டும் பார்த்து, தண்ணீர் மைதானத்துப் படிக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆகிறதாம் என்றார். டீச்சர் அதைக் கேட்டு, வாசற்படி வரைக்கும்தானே வரும் என்றாள். டிசைனர் முக்காலியிலிருந்து இறங்கி, வாசலுக்கு மண் மூட்டை வைத்தால் போதுமா ஆன்டி என்று கேட்டாள். வெளியே வேன் டிரைவர் கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த வேன் போய்விட்டால் இந்த மனுஷரைக் கொண்டுபோக வேறு வழி இல்லை. மாடிப்படியோ ஓர் ஆள் மட்டும் ஏறுகிற அகலம்.

"வேன அனுப்பாதீங்க," என்றேன். "இந்த வீட்டுல தண்ணி நெஞ்சு வரைக்கும் வரும். நான் சொன்னது பொய்."

டிசைனர் போய்ப் படுக்கைவிரிப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். பாஸ் வேனை மறிக்க ஓடினார். மனுஷருக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. இப்போதுதானே படுக்க வைத்தார்கள். நல்ல கையால் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டீச்சர் அவர் காதில் ஏதோ சொல்லிச் சொல்லி ஒவ்வொரு விரலாக விடுவித்தாள். நாலு பேருமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது தெருவோரச் சாக்கடைக் கானில் தண்ணீர் ஆற்றுப்பக்கம் போகாமல் பின்னோக்கி ஓடியது. அவரை ஏற்றிவிட்டு டீச்சர் என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளையிடம் கேட்கிற குரல்தான்.

"நாலு தரம் வந்தேங்க அக்கா. நாலு தரமும் எனக்கு டீ ஊத்திக் குடுத்தீங்க."

வேன் மேட்டுப்பக்கம் ஏறி மறையும்வரை நான் மழையில் நின்றேன். பின்னேரம் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

நாலாம் நாள் உள்ளே போனோம். பென்ட்ரி கபட் டீயில் ஊறின பிஸ்கட் மாதிரி உப்பி உதிர்ந்தது. பிளக் பொயின்ட்டுக்குள் எல்லாம் சேறு. பின்னறையில் புதிய பூச்சு பாளம் பாளமாக விழுந்து, பழைய கோடு வெளியே தெரிந்தது. அதற்கு ஒரு சாண் கீழே புதுக் கோடு. டிசைனர் கட்டிலை நிமிர்த்தி அது கிடந்த இடத்தில் வைத்தாள். டேப்பை எடுத்து, அவர் படுத்திருந்த கட்டில் மட்டத்திலிருந்து மேலே புதுக் கோடு வரை பிடித்தாள்.

"ஒன்றரை அடி, ஆன்டி," என்றாள். கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். மன்னித்துக்கொள், வாங்க வருகிறவர்களிடம் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம் என்று என்னென்னவோ சொன்னேன். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. யாரிடமும் காட்ட அவளிடம் அந்த வீடு இல்லாமல் போய்விட்டது.

"நான் வீடு வாங்க வரல்ல ஆன்டி. உங்களுக்கு வேலை செய்யத்தானே வந்தேன்."

டீச்சர் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு மேலே மேட்டில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எத்தனையோ தரம் போன் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. அந்த வீட்டைக் கோட்டோடு காட்டி, கீழே வாகனம் விட்டு மேலே குடியிருக்க நினைத்த ஒருவருக்கு அடுத்த வருஷம் விற்றோம்.

மூன்றாவது வீட்டுக்கும் அந்த டிசைனரையே கேட்டேன். வரமாட்டாள் என்று நினைத்துத்தான் கேட்டேன். ஒரு வாரம் கழித்து, வருகிறேன், ஆனால் நான் வருவதற்கு முதல் தண்ணீர் வந்த உயரத்தை நீங்களே ஒவ்வொரு சுவரிலும் கோடு போட்டு வைக்க வேண்டும் என்று பதில் வந்தது.

அவள் வருகிற அன்று காலையிலேயே அந்த வீட்டுக்குத் தனியாகப் போனேன். முன்னால் இருந்தவர்களும் எங்களைப் போலவே பூசி மறைத்திருந்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அவள் என்னை வாங்க வந்தவள் என்று நினைத்து, வாசற்படி என்றாள். வாங்கியாயிற்று, நானும் வீடு விற்கிறவள்தான் என்று சொன்ன பிறகு சிரித்து, உள்ளே வந்து சுவரில் கையை வைத்துக் காட்டினாள். பாஸின் பென்சிலால் அவள் காட்டின உயரத்தில் ஹோலைச் சுற்றினேன், குசினியைச் சுற்றினேன். கடைசியாகச் சின்ன படுக்கையறை. அங்கே தரை தாழ்வு, கோடு என் கழுத்துக்கு நேராக வந்தது. போட்டு முடித்துவிட்டு, மூலையில் கிடந்த ஒரு பெட்டியைச் சுவரோரம் இழுத்து, கட்டில் வருகிற உயரத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அந்தக் கோட்டைப் பார்த்தேன்.